சிக்கந்தர் பாயோட கை

நாப்பத்திரண்டு மிசினும் சரஸ்வதி பூஜையன்னைக்கு வரிசையாத் தூங்கப் போச்சுங்க. விஜயதசமி காலையில எந்திரிச்சது ஒண்ணே ஒண்ணுதான். அது சிக்கந்தர் பாய் நின்னு வேலை செஞ்ச ஏழாம் நம்பர் லேத்து, பூஜையில பொட்டு வெக்காம விட்ட லேத்து. கோயமுத்தூர்ப் பக்கம் பம்புசெட்டு செய்யற கம்பெனி எங்களுது. நான் அங்க பேட்டர்ன் போடறவன், பேரு திருமூர்த்தி. எந்த இரும்புச் சாமானை வார்க்கோணுமோ அதை முதல்ல நான் மரத்துல செஞ்சு குடுக்கோணும், அந்த மரத்தை மணல்ல அமுக்கி எடுத்தா விழுகற குழியில காய்ச்சின இரும்பை ஊத்துவாங்க, அதுதானுங்க என்ற தொழில். நடந்ததை நடந்தபடியே சொல்றேன். என்னைப் பத்தி வர்ற எடத்துலயும் பூசி மெழுகாமச் சொல்றேன். கேட்டுட்டு எம்மேல கோவப்பட்டீங்கன்னா படுங்க, எனக்கே எம்மேல கோவந்தான்.

பெரிய மொதலாளி இருந்த வரைக்கும் பொட்டு ஒரு பிரச்சினையே இல்லீங்க. பூஜைக்கு மொத நாளு பாய் மத்தவங்களுக்கு முந்தி வந்து, சீமெண்ணெயில துணியை நனைச்சு லேத்தைத் தொடைச்சு, இண்டு இடுக்குல இருக்கற இரும்புத் துருவலை எல்லாம் ஊசியில குத்தி எடுத்து, பொண்ணு பார்க்க வர்ற வூடு மாதிரி வெச்சிருப்பாரு. மொதலாளி சந்தனக் கிண்ணத்தோட அவரே வந்து, "நீ தள்ளி நில்லப்பா, இது என்ற வேலை"ன்னு சொல்லிப் பொட்டு வெச்சுட்டுப் போவாரு. பொரியும் கடலையும் லட்டும் மொதப் பொட்டலம் பாய்க்குத்தான் போகும், அவரு வூட்டுக் கொழந்தைகளுக்குன்னு ரெண்டாவதா இன்னொண்ணும் போகும். இருவத்திரண்டு வருசம் இப்படித்தான் நடந்துச்சு, ஒருத்தருக்கும் ஒரு சாமி கொறைஞ்சு போகலை.

பெரியவரு போய்ச் சேர்ந்து, மகன் நாற்காலியில உக்கார்ந்தாருங்க. சின்ன மொதலாளி நல்லாப் படிச்சவரு, ஆனா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் போன்ல யாராவது எதையாவது அனுப்பி அவரைப் பயமுறுத்திட்டே இருப்பாங்க. அந்த வருசம் பூஜைக்கு ஒரு புது நோட்டீசு ஒட்டுனாரு: அவரவர் மிசினுக்கு அவரவரே பொட்டு வெச்சுச் சூடம் காட்டோணும். பாய் போயி கையைக் கட்டிட்டு நின்னு, "தொடைச்சுத் தர்றேனுங்க, பக்கத்துலயே நிக்கறேனுங்க, நீங்க வெச்சுக்குங்க, எங்கையால வெக்க எங்க மார்க்கத்துல எடமில்லீங்க"ன்னாரு. சின்னவரு சிரிச்சுட்டே, "அப்ப உங்க மிசினுக்குப் பூஜை வேண்டாம்"ன்னாரு. சொன்ன மாதிரியே தீபாராதனை ஆறாம் நம்பர் வரைக்கும் வந்து, ஏழைத் தாண்டி எட்டுக்குப் போச்சு. பொரிப் பொட்டலமும் அதே மாதிரி தாண்டிப் போச்சுங்க. நான் பார்த்துட்டுத்தான் நின்னேன், என்ற பொட்டலத்தைப் பிரிச்சுட்டு.

அப்புறந்தான் விஜயதசமி. தேங்காய் ஒடைச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூப்பர்வைசர் சென்னியப்பன் மெயினைப் போட்டா, ஒரு மோட்டாரும் மொனகக்கூட இல்லீங்க. கரண்ட் இருக்குது, ஃபேன் சுத்துது, லைட்டு எரியுது, மிசின் மட்டும் செத்த மாடாட்டம் கிடக்குது. ஏழாம் நம்பர் மட்டும் பாய் கையை வெச்சதும் சொய்ங்குன்னு ஓடுச்சு. அவரு பாட்டுக்கு ஒரு ஷாஃப்டை மாட்டிக் கடையவும் ஆரம்பிச்சுட்டாரு. சித்த நேரங்கழிச்சுத்தான் சுத்திலும் சத்தமில்லைன்னு தெரிஞ்சு நிமிர்ந்து பார்த்தாரு, நாங்க அத்தனை பேரும் அவரையே பார்த்துட்டு நின்னோம்.

இது எப்படி நடந்துச்சுன்னு நீங்க கேப்பீங்க. எங்க கம்பெனியில யாரும் அதைக் கேக்கலைங்க. மிசின் தூங்கறதும் எந்திரிக்கறதும் மழை வர்றதும் போறதும் மாதிரி, அதுல என்ன கேக்கறதுக்கு இருக்குது? அந்தாளு என்ன பண்ணுனான்ங்கறதுதான் எல்லாத்துக்கும் கேள்வி. மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுத்தற பக்கம் இருக்கற செல்லமணியக்கா, "பூஜையன்னைக்கு ஒரு மாதிரி மொகத்தை வெச்சுட்டு நின்னாரு, நான் அப்பவே நெனைச்சேன்"னு சொல்லுச்சு. எலக்ட்ரீசியன் ரெண்டு நாளு ஒயரை எல்லாம் பிரிச்சுப் போட்டுப் பார்த்துட்டு, "ஒயர்ல ஒண்ணுமில்லைங்க, மத்ததை நீங்களே பார்த்துக்குங்க"ன்னு பாய் இருந்த பக்கம் தலையை ஆட்டிட்டுப் போனான். அவரு தூக்குப்போசியைத் தொறந்து பார்த்தாங்க, தக்காளிச் சோறு. சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாங்க, ஒரு சீப்பு, மடிச்ச தொப்பி, தைலம் ஒரு டப்பா. அந்தத் தைலத்தை மட்டும் சென்னியப்பன் ஒரு கவருக்குள்ள போட்டு மேனேஜர் ரூமுக்கு எடுத்துட்டுப் போயி, மூணு நாளு வெச்சிருந்து திருப்பிக் குடுத்தான். அதுல கொஞ்சம் கொறைஞ்சிருந்துச்சுன்னு பாய் எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சாரு, யாருக்கோ மூட்டு வலியாட்டம் இருக்குதுன்னு.

நாலாம் நாளு பாய்தான் மனசு கேக்காம, எட்டாம் நம்பர் லேத்துக்காரன் சும்மா உக்கார்ந்திருக்கறதைப் பார்த்து, "பெல்ட்டு லூசா இருக்கும், வெலகு பார்க்கலாம்"னு அந்த மிசின் மேல கையை வெச்சாருங்க. அது ஓடுச்சு. ஒம்பதை வெச்சாரு, ஓடுச்சு. டிரில்லிங்கு, கிரைண்டிங்கு, கம்ப்ரசரு, அவரு கை பட்டதெல்லாம் எந்திரிச்சு நின்னு வேலை செஞ்சுச்சு. மதியத்துக்குள்ள கம்பெனி பழைய சத்தத்துக்கு வந்துருச்சு. நல்ல காரியம் செஞ்சவரைப் பார்த்து ஒரு டீயாவது வாங்கிக் குடுக்கோணுமா இல்லையா? "பார்த்தியா, அவனே கட்டுனது, அவனே அவுத்துட்டான்"னு சென்னியப்பன் சொன்னான், நாப்பது பேரும் தலையை ஆட்டுனாங்க.

ராத்திரி நிறுத்துனா மிசினெல்லாம் மறுபடியும் தூங்கிரும், காலையில மறுபடியும் பாய் கை வெக்கோணும். அதனால ஒரு மொறை உண்டாச்சுங்க. காலையில எட்டு மணிக்குப் பாய் மொத மிசின்ல இருந்து கடைசி மிசின் வரைக்கும் நடப்பாரு, முன்னால ஒருத்தன் பின்னால ஒருத்தன் காவலுக்கு. எந்த வெரலு மொதல்ல படுதுன்னு ஒருத்தன் பார்ப்பான், வாய் அசையுதான்னு இன்னொருத்தன் பார்ப்பான். மூணாவதா ஒருத்தன் மஞ்சத் தண்ணியும் மாவிலையுமா வந்து, அவரு தொட்ட எடத்தை எல்லாம் தெளிச்சுத் தொடைச்சுட்டே வருவான். கையில உறை மாட்டிட்டுத் தொடச் சொன்னாங்க, மிசின் அசையலை, சரி உறையைக் கழட்டுங்கன்னாங்க. அவரைத் தொட வெக்கறதும் தொட்ட எடத்தைத் தொடைக்கறதுமா, இந்தக் கூத்து ஒரு மாசத்துல எங்களுக்குப் பழகியே போச்சு. டைம் ஆபீசு நோட்டுல அதுக்குன்னு தனியா ஒரு கட்டமே போட்டுட்டாங்க.

அவரு வாய்க்குள்ள என்னமோ சொல்றாருன்னு கண்டுபிடிச்சதும் அடுத்த கூத்து. "என்ன சொல்றீங்க?"ன்னு மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டாரு. "பிஸ்மில்லாங்க, மிசினைத் தொடறதுக்கு முந்தி இருவத்திரண்டு வருசமா அதைத்தான் சொல்றேன், உங்களுக்கு இன்னைக்குத்தான் கேட்டிருக்குது"ன்னாரு பாய். ரெண்டு நாள் கழிச்சு மதியச் சாப்பாட்டு நேரத்துல சென்னியப்பன் ஆளில்லாத பக்கமாப் போயி, தலையில கைக்குட்டையைப் போட்டுட்டு, பன்னெண்டாம் நம்பர் மிசினை நிறுத்தி அதே வார்த்தையைச் சொல்லி ஸ்விட்ச்சைத் தட்டிப் பார்த்ததை நான் என்ற ரெண்டு கண்ணால பார்த்தேனுங்க. மிசின் அசையலை. சாப்பிட்டு வந்த லேத்துக்காரன் மிசின் நின்னு போச்சுன்னு பாயைக் கூப்பிட ஓடுனான். சென்னியப்பன் அன்னைக்கே ஒரு பேச்சைக் கெளப்பிவிட்டான்: பாய் உண்மையான வார்த்தையை மறைச்சுட்டு வேற எதையோ சொல்லி ஏமாத்தறாரு.

வெள்ளிக்கெழமை ஒரு மணிக்குத் தொழுகைக்குப் போக அவருக்குக் குடுத்துட்டு இருந்த பெர்மிசனைச் சின்ன மொதலாளி வந்த புதுசுலயே வெட்டிட்டாருங்க. இப்ப மறுபடியும் குடுத்தாங்க, போகலைன்னா கையில இருக்கறது போயிருமோன்னு பயம். ஒரு வெள்ளிக்கெழமை அவரு பள்ளிவாசல்ல இருக்கறப்ப கரண்ட் போயிட்டு வந்து, அத்தனை மிசினும் படுத்துருச்சு. முக்கா மணி நேரம் நாப்பது பேரும் வாசலைப் பார்த்துட்டு உக்கார்ந்து, அவரு எப்ப வருவாருன்னு காத்துட்டே அவரைத் திட்டுனோம். காத்திருக்கவும் வேணும் திட்டவும் வேணும், அதென்ன மனசுன்னு எனக்கு இன்னும் வெளங்கலை.

இதெல்லாம் கூடப் பாய் பொறுத்துட்டாருங்க. ஒரு நாளு அவரை ஏழாம் நம்பர்ல இருந்து எறக்கிட்டாங்க, அதைத்தான் அவரால தாங்க முடியலை. ஓட்டத் தெரிஞ்சவனுக்கு நிறுத்தவும் தெரியும், மிசினுக்குப் பக்கத்துல நாளெல்லாம் வெச்சிருந்தா என்னைக்காவது என்னமாவது பண்ணிருவான்னு ஒரு பேச்சு மேல வரைக்கும் போயி, காலையில தொட்டுட்டு நேரா சைக்கிள் ஸ்டாண்டுல போயி உக்காரச் சொல்லீட்டாங்க. சம்பளமெல்லாம் அதேதான், சேரும் போட்டாங்க. அவரு வேலையை வேற ஒருத்தனுக்குக் குடுத்தாங்க. அந்தப் பையன் கடைஞ்ச ஷாஃப்டு பேரிங்குல ஏறவே மாட்டேன்னுச்சு. பாய் அங்க உக்கார்ந்துட்டே சத்தத்தை வெச்சுச் சொல்லுவாரு, "மூர்த்தி, டூல் மொட்டையாப் போச்சு பாரு, அவங்கிட்டச் சொல்லு". நான் போயிச் சொல்ல மாட்டேன். "தொடறது ஒரு வேலையா மூர்த்தி? நான் கடைசல்காரன். என்னை லேத்துல நிக்க வெச்சுட்டா இவங்க மஞ்சத் தண்ணியை எந்தலையிலயே ஊத்துனாலும் பேசாம இருப்பேன்"னு சொல்லுவாரு.

பதினெட்டு வருசம் அவரும் நானும் ஒரே பெஞ்சுல உக்கார்ந்து சாப்பிட்டவங்க. அவரு கொண்டாற ஊறுகாயில பாதி எனக்கு, என்ற வூட்டுத் தட்டப்பயறுக் கொழம்புல பாதி அவருக்கு. அதுதான் எனக்கு வினையாப் போச்சு. "கூடவே சோறு திங்கறவனுக்கு விசயம் தெரியாமயா இருக்கும்?"னு சென்னியப்பன் கேட்டான். என்ற தூக்குப்போசியையும் தொறந்து பார்த்தாங்க. செல்லமணியக்கா எனக்குத் தண்ணி மோந்து குடுக்கறதை நிறுத்துச்சு. நான் பேட்டர்ன் கடைக்குள்ள இருந்தா ஜன்னல்ல ஒரு தலை தெரியும், நான் பார்த்தா மறையும். எனக்குப் பயமாப் போச்சுங்க. சாப்பாட்டை எடுத்துட்டுக் கம்ப்ரசர் ரூமுக்குப் பின்னால போயித் திங்க ஆரம்பிச்சேன். பாய் ஒரு வார்த்தை கேக்கலை.

இப்படி இருக்கறப்பத்தான் வேற ஒரு கம்பெனிக்காரன் பாயைக் கூப்பிட்டுட்டான்னு ஒரு பேச்சு கெளம்புச்சு. யாரு பார்த்தா, யாரு கேட்டா, ஒண்ணுமில்லை, ஆனா ஊரெல்லாம் அதே பேச்சு. சின்ன மொதலாளி என்னை ரூமுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்துனாரு.

"அந்தாளு கையை இரும்புல வார்க்கோணும். அப்படியே, அச்சு அசலா. முடியுமா?"

"கை எதுக்குங்க?"ன்னேன், தெரியாத மாதிரி.

"ஆளு வருவான் போவான், லீவு போடுவான். கை நம்மகிட்ட இருக்கோணும். நீ செஞ்சு குடுத்தீன்னா உம்மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லைன்னு எல்லாத்துகிட்டயும் நானே சொல்லீர்றேன்."

பாய்கிட்டச் சம்மதம் கேட்டாங்களான்னா, நோட்டீசு குடுத்தாங்க. மூணு நாளு அவரு என்ற பேட்டர்ன் கடையில வந்து உக்கார்ந்து கையை மேசை மேல வெச்சாருங்க. ஒவ்வொரு வெரலா, ஒவ்வொரு கணுவா நான் காலிப்பரை வெச்சு அளந்தேன். கட்டை வெரல்ல இரும்புத் துருவல் கிழிச்ச தழும்பு, சுண்டு வெரல் நகத்துல ஒரு பொளவு, உள்ளங்கையில லேத்துப் புடி தேய்ச்சுத் தேய்ச்சுக் காச்சுப் போன எடம், எல்லாத்தையும் குறிச்சேன். நல்ல தேக்கா எடுத்து உளியைப் போட்டதும் எனக்குப் பித்துப் புடிச்ச மாதிரி ஆயிருச்சுங்க. வளவு வளவா பம்பு ஓடு செஞ்சே காலம் போனவனுக்கு ஒரு மனுசக் கை செய்யற வாய்ப்பு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அந்த மூணு நாளும் நான் சந்தோசமா இருந்தேன்.

மூணாம் நாளு சாயங்காலம் காவக்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். பாய் மெதுவா, "மூர்த்தி, இரும்பு ஆறுனா சுருங்குமில்ல?"ன்னாரு.

"சுருங்கும் பாய். அதுக்குத்தான் அளவுக்கு மேல அரை நூல் கூட்டிச் செதுக்கறது."

"அந்த அரை நூலை விட்டுரு."

நான் உளியை நிறுத்திட்டேன்.

"விட்டுட்டீன்னா வார்த்து வர்ற கை சின்னதாப் போயிரும். அது என்ற கை இல்லை, வேற யாரோ கை. மிசின் ஓடாது. ஓடலைன்னா நான் வேணும். நான் வேணும்னா என்னைக்காவது ஒரு நாளு லேத்துல நிறுத்துவாங்க. அரை நூல்தான், யாரு வந்து அளக்கப் போறாங்க? நான் இதுவரைக்கும் உங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்லை."

ஜன்னல்ல அப்ப தலை எதுவும் இல்லீங்க. ஆனா இருக்கற மாதிரியே எனக்குத் தோணுச்சு. "சரி பாய்"ன்னேன். சத்தியமா அந்த நிமிசம் மனசாரத்தான் சொன்னேன். அவரு போனதுக்கப்புறம் சாணைக் கல்லையும் அரத்தையும் எடுத்து வெச்சுட்டு அந்த மரக் கையையே பார்த்துட்டு உக்கார்ந்தேன். அரை நூலை எடுத்தாக் கை கெட்டுப் போகும். அத்தனை அழகா வந்த கை. கெட்டுப் போனா யாரு கெடுத்ததுன்னு கேப்பாங்க, சென்னியப்பன் காலிப்பரோட வந்து நிப்பான், பாயோட ஆளுன்னு எம்பேரை எழுதிருவாங்க, நானும் சைக்கிள் ஸ்டாண்டுல போயி உக்காரோணும். பயம் பாதி, திமிரு பாதி. அரத்தைத் திருப்பி எடத்துல வெச்சுட்டு, வார்னீசு அடிச்சுக் காயப் போட்டுட்டு வூட்டுக்குப் போயிட்டேன்.

வார்ப்பு சுத்தமா விழுந்துச்சுங்க. மணலை ஒடைச்சு எடுத்து, பிசிறு தட்டி, ஒரு மரப்புடியில மாட்டி, சென்னியப்பன் அதைத் தூக்கிட்டு வந்து ஒண்ணாம் நம்பர் மேல வெச்சான். மிசின் எந்திரிச்சுச்சு. ரெண்டு, மூணு, நாலுன்னு வரிசையா எல்லாம் எந்திரிச்சுச்சு. ஏழாம் நம்பரும் எந்திரிச்சுச்சு. நாப்பது பேரும் கை தட்டுனாங்க, நானும் தட்டுனேன். அங்க இருந்து பார்த்தா சைக்கிள் ஸ்டாண்டு தெரியும். அன்னைக்குக் காலையில அவரை இன்னும் யாரும் கூப்பிடலை, உள்ள சத்தம் கேக்குது. பாய் சேர்ல இருந்து எந்திரிச்சு நின்னு கேட்டாரு. நாப்பத்திரண்டையும் எண்ணி முடிச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் அவரே தூக்குப்போசியை எடுத்துட்டு ஆபீசுப் பக்கம் நடந்தாரு, லெட்டரு டைப் அடிச்சு ரெடியா இருந்துச்சு. ஆள் கொறைப்புன்னு எழுதியிருந்தாங்க.

என்ற மரக் கையை என் கண்ணு முன்னாலயே உலையில போட்டு எரிச்சாங்க. வேற ஒண்ணு செஞ்சு ஒளிச்சு வெக்கலைன்னு சூடத்துல சத்தியமும் வாங்குனாங்க. இரும்புக் கைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வந்துச்சு, கேட்டுக்குப் பக்கத்துல ஒரு மேடை வந்துச்சு. மஞ்சத் தண்ணி தெளிக்கறதை நிறுத்திட்டாங்க. செல்லமணியக்காதான் மொதல்ல ஒரு முழம் மல்லிகைப் பூவைச் சுத்துச்சு. அடுத்து குங்குமம், அடுத்து வெளக்கு. ஆறு மாசத்துல புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்கிட்ட அது ஒரு சித்தரு கைன்னு சொன்னாங்க, அஸ்திவாரம் தோண்டுறப்பக் கெடைச்சுதாம், பெரிய மொதலாளி கனவுல வந்து சொன்னாராம். "தழும்பைப் பாருங்க, தவம் பண்ணுனப்பப் புலி கீறுனது"ன்னு சென்னியப்பன் எம்முன்னாலயே ஒரு பையனுக்குச் சொன்னான். சொல்லிட்டு என் மொகத்தைப் பார்த்தான். நான் ஆமான்னேன். இப்ப எல்லாரும் காலையில பெட்டியைத் தொறந்து அந்தக் கையைத் தொட்டுக் கண்ணுல ஒத்திட்டுத்தான் உள்ள போறோம், நான் ரெண்டு கையாலயும் தொடுவேன், யாரு கவனிக்கறாங்கன்னு தெரியாதில்லீங்களா.

போன மாசம் மதியம் உக்கடம் பஸ் ஸ்டாண்டுல சிக்கந்தர் பாயைப் பார்த்தேனுங்க. தாடி நரைச்சு, ஆளு கொஞ்சம் எளைச்சிருந்தாரு. எந்தக் கம்பெனியும் சேர்த்துக்கலையாம், அவரு கை வெச்சா என்னமோ ஆகும்னு பேச்சு அவருக்கு முந்தியே அங்க போயிச் சேர்ந்திருக்குது. இப்ப ஒரு கிரைண்டர் கடையில கல்லு கொத்தறாராம்.

"கை எப்படி இருக்குது?"ன்னு கேட்டாரு.

"நல்லா இருக்குது பாய்."

"அரை நூல்?"

நான் தரையைப் பார்த்துட்டு நின்னேன்.

"தெரியும்"ன்னாரு. "அன்னைக்கு மிசின் எந்திரிச்ச சத்தத்துலயே தெரிஞ்சுக்கிட்டேன். உனக்குத் தப்பாச் செய்ய வராது மூர்த்தி." கோவமே இல்லாமச் சொன்னாரு. மன்னிச்சுருங்க பாய்னு சொல்லலாம்னு வாயெடுத்தேன், அதுக்குள்ள அவரு பஸ் வந்துருச்சு.

"வர்றேன் மூர்த்தி"ன்னு அவரு கையை நீட்டுனாரு. அதே கை. தழும்பு, பொளவு, காச்சுப் போன எடம், ஒண்ணு விடாம எனக்கு மனப்பாடமான கை.

நான் கையை நீட்டறதுக்கு முந்தி ஒருக்கா சுத்தியும் பார்த்தேனுங்க, கம்பெனி ஆளு யாராவது நிக்கறாங்களான்னு. டீக்கடையில பார்த்தேன், பேப்பர்க் கடையில பார்த்தேன், எதுத்தாப்புல நின்ன பஸ்சுக்குள்ளயும் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. சரின்னு திரும்பிக் கையை நீட்டுனா, பாய் பஸ் படியில ஏறிட்டாரு.